பாட்டும் வசனமும் கலந்த நாடகத்தில், பிள்ளைகளுக்கு நகைச்சுவையைக் கற்பிக்க முடியுமா?

ஜூன் 2: ஒரு வாசகரின் கேள்வி

பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு, பழைய இசை நாடக முறையில், பாட்டும் வசனமும் கலந்த நாடகம் ஒன்றைத் தயாரித்து வருகிறேன். பாட்டைச் சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்கிறார்கள். அழுகைக் காட்சிகூட ஒப்பேறிவிடுகிறது. நகைச்சுவைதான் வரவில்லை. அது பிறவியிலேயே வாய்க்க வேண்டியது, கற்பிக்க முடியாதது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். மறுப்பவர்கள் உண்டா?

ஜூன் 2, இரவு

மறுக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக, ஒன்பது வயது முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இசை நாடகம் சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையில் மறுக்கிறேன். பாட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாட்டைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு நகைச்சுவையில் பாதி ஏற்கெனவே கைவந்துவிட்டது. ஒரு வசனம் சிரிப்பை உண்டாக்குவதும் உண்டாக்காமல் போவதும், பெரும்பாலும், அது எந்த நொடியில் வந்து விழுகிறது என்பதைப் பொறுத்தது. நொடியை அளக்கும் வித்தைக்கு நம்மிடம் லயம் என்று பெயர். லயத்தைக் கற்பிக்கலாம் என்றால் நகைச்சுவையையும் கற்பிக்கலாம். எப்படி என்பதை நாளை எழுதுகிறேன்.

ஜூன் 3

கச்சேரி கேட்பவர்களுக்கு 'எடுப்பு' என்ற சொல் பழக்கமானது. தாளம் தொடங்கும் இடத்திலேயே பாட்டும் தொடங்கினால் சம எடுப்பு. தாளத்துக்கு முன்பே பாட்டு தொடங்கிவிட்டால் அதீதம். தாளம் தொடங்கிச் சற்றுத் தள்ளிப் பாட்டு தொடங்கினால் அனாகதம். என் வகுப்பில் முதல் மாதம் முழுவதும் இதுதான். தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டு, பாட்டின் ஒரே வரியை மூன்று இடங்களில் எடுத்துப் பாடுவார்கள். யோசிக்காமலே கை தாளம் போடும் நிலை வந்த பிறகு, பாட்டை விலக்கிவிட்டு வசனத்தை அங்கே வைப்பேன்.

இருவர் நிற்பார்கள். ஒருவர், "சாப்பிட்டாயா?" என்று கேட்க வேண்டும். மற்றவர், "எந்த வீட்டில்?" என்று பதில் சொல்ல வேண்டும். வசனம் இவ்வளவுதான். கேள்வி முடிந்த தாள அடியிலேயே பதில் வந்தால், அவன் பல வீடுகளில் சாப்பிடுகிறவன், அதில் அவனுக்குக் கூச்சமும் இல்லை. கேள்வி முடியும் முன்பே வந்தால், எங்கேயோ மாட்டிக்கொண்டதாக நினைத்துப் பயந்திருக்கிறான். ஓர் அடி தள்ளி வந்தால், சாப்பிட்ட வீடுகளை மனத்துக்குள் எண்ணிப் பார்த்திருக்கிறான். முகத்தில் எதையும் செய்யாமல், குரலை மாற்றாமல், எடுப்பை மட்டும் மாற்றினாலே மூன்று மனிதர்கள் வந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் இதைக் கண்டுபிடிக்கும் நாளில் வகுப்பை முடிப்பது கடினம். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒருவரையொருவர் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டே போவார்கள்.

ஜூன் 3, மாலை

மூன்றில் எது அதிகச் சிரிப்பைத் தரும் என்று கேட்டிருக்கிறார்கள். மேலே சொன்ன வசனத்தில் அனாகதம்தான். ஆனால் நாடகம் முழுவதையும் அனாகதத்தில் நடத்தினால் காட்சி நொண்டும்.

ஜூன் 7

"ஸ்பெஷல் நாடகத்துப் பபூன் எந்தப் பயிற்சியும் இல்லாமல் அன்றிரவே மேடையேறிச் சிரிக்க வைக்கிறாரே, அவருக்கு யார் எடுப்புச் சொல்லிக்கொடுத்தது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட்டும் (கதாநாயகன்) ஸ்திரீபார்ட்டும் (கதாநாயகி) பபூனும் (கோமாளி) ஆர்மோனியமும் மிருதங்கமும் தனித்தனியாக அந்த ஓர் இரவுக்குப் பேசப்படுகிறவர்கள். வேறு வேறு ஊர்களிலிருந்து வந்து, ஒப்பனை போடும் நேரத்தில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கும். கதையும் பாட்டும் தர்க்கமும் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் அது சாத்தியமாகிறது. பயிற்சி இல்லை என்று இதைச் சொல்ல முடியாது. அந்தப் பயிற்சி, நாம் வகுப்பு என்று அழைக்கும் வடிவத்தில் இருக்கவில்லை, அவ்வளவே.

என் பெரியப்பா மதுரைப் பக்கத்து மேடைகளில் ஆர்மோனியம் வாசித்தவர். பதினொரு வயதிலிருந்து பதினான்கு வயது வரை, அவருடைய வெற்றிலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே போவேன். அவருக்குப் பின்னால், தட்டியில் சாய்ந்தபடி உட்கார்ந்திருப்பேன். இரவு பத்து மணிக்குப் பபூன் தனியாக வருவார். மேடையில் அவரோடு பேச யாரும் இல்லாததால் பக்கவாத்தியக்காரர்களோடு பேசுவார். அதற்குப் பெரியப்பா சொல்லும் பதில் ஒரே சொல்: "அப்புறம்?" கூட்டத்தின் சிரிப்பு அடங்கத் தொடங்கும் இடத்தில், முழுவதும் அடங்குமுன், தலையை நிமிர்த்தாமல், "அப்புறம்?" என்பார். பபூன் அடுத்த பேச்சைத் தொடங்குவார். ஒரு முறை பெரியப்பாவுக்குக் காய்ச்சல் என்று வேறொருவர் வாசித்தார். அவர் நல்ல வித்துவான். விரல் வேகம் பெரியப்பாவைவிட அதிகம். பபூனும் அதே பபூன், பேச்சும் அதே பேச்சு. அன்றைக்குச் சிரிப்பு பாதியாகக் குறைந்ததை, காரணம் புரியாமல், பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெருக்கூத்தின் கட்டியக்காரனும் பபூனும் ஒன்றுதானா என்ற கேள்விக்கு: வேலையில் ஒற்றுமை உண்டு, நிற்கும் இடம் வேறு. கட்டியக்காரன் கதை முழுவதும் கூடவே வந்து, வேடங்களை அறிவித்து, கேள்வி கேட்டு, பார்ப்பவருக்கும் கதைக்கும் நடுவில் நிற்பவன். பிள்ளைகளுக்குப் பழக்க அவன்தான் ஏற்றவன். ஏனென்றால் அவன் சும்மா நிற்கும் நேரம் அதிகம், மேடையில் கவனித்துக்கொண்டு சும்மா நிற்பதுதான் பிள்ளைகளுக்கு மிகக் கடினமான பாடம்.

ஜூன் 11

நான்கு நாட்களாக மனத்தை உறுத்திக்கொண்டிருப்பதை எழுதிவிடுகிறேன். பெரியப்பாவைப் பற்றி எழுதிய பிறகு, ஜூன் 2 அன்று நான் எழுதியது பாதி உண்மைதான் என்று தெரிகிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் தாளத்தில் மிகக் கெட்டியான ஒரு பையன் இருந்தான். ஓர் அடி தள்ளிச் சொல் என்றால் ஓர் அடிதான். கூடவும் குறையவும் மாட்டான். வகுப்பில் அவன் சொல்லும் ஒவ்வொரு வசனத்துக்கும் சிரிப்போம். மேடையில் முந்நூறு பேர் முன்னால் அவன் முதல் வசனத்தைச் சொன்னதும் மண்டபமே சிரித்தது. நாங்கள் எதிர்பார்த்ததைவிட நீளமாகச் சிரித்தது. அவன் ஓர் அடி விட்டு அடுத்த வசனத்தைச் சொன்னான். யார் காதிலும் விழவில்லை. மறுபடி ஓர் அடி விட்டு அதற்கடுத்த வசனம். சிரிப்பு அடங்கியபோது கதை எங்கேயோ போயிருந்தது, பார்ப்பவர்கள் விழித்தார்கள். அவன் கடைசிவரை தாளம் தவறவில்லை. கீழே இறங்கி வந்து, "நான் சரியாகத்தானே சொன்னேன், ஐயா?" என்று கேட்டான். சரியாகத்தான் சொன்னான். நான்தான் அவனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டேன். நாடக மேடையில் தாளம் நம் தொடையில் இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் போடுகிறார்கள். பெரியப்பாவுக்கு அது தெரிந்திருந்தது. அன்றைக்கு மாற்றாக வந்த வித்துவானுக்கு ஆதி தாளம் தெரிந்திருந்தது, கூட்டத்தின் தாளம் தெரியவில்லை.

அதன் பிறகு என் வகுப்பில் ஒரு பயிற்சி சேர்ந்திருக்கிறது. இருவர் நடிப்பார்கள், மற்றவர்கள் எதிரே உட்காருவார்கள். நான் கையை உயர்த்தினால் எல்லாரும் ஓவென்று சத்தம் போட வேண்டும். கை இறங்க இறங்கச் சத்தமும் இறங்க வேண்டும். எப்போது உயர்த்துவேன், எவ்வளவு நேரம் என்று நடிப்பவர்களுக்குத் தெரியாது. சத்தம் பாதிக்கு மேல் இறங்கிய பிறகு, ஆனால் முழுவதும் ஓய்வதற்குள், அடுத்த வசனம் வர வேண்டும். அதுவரை சிலைபோல் நிற்கவும் கூடாது. துண்டை மடித்துக்கொண்டிருந்தால் மடிப்பைத் தொடர வேண்டும். கோபமாக இருந்தால் கோபமாகவே இருக்க வேண்டும். பாட்டு நடுவில் என்றால் நான் ஆர்மோனியத்தில் பல்லவியின் முதல் பாதியையே சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருப்பேன். பாடுபவர் மூச்சை இழுத்தால் அதுதான் அடையாளம், உடனே அடுத்த அடிக்குப் போய்விடுவேன்.

ஜூன் 12

சிரிப்பே வராவிட்டால் காத்திருக்கக் கூடாது. அதைச் சாதாரண வசனமாக எண்ணி மேலே போய்விட வேண்டும். வராத சிரிப்புக்காகக் காத்து நிற்கும் பிள்ளையின் முகம் அன்றிரவு முழுவதும் பெற்றோருக்கும் மறக்காது, எனக்கும் மறக்காது.

ஜூன் 18

கேள்வி கேட்டவர் மறுபடியும் எழுதியிருக்கிறார்: "எப்போது பேச வேண்டும் என்பது புரிகிறது. எதைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்பதை எப்படிக் கற்பிப்பது?"

இதற்குத் தொல்காப்பியத்தை எடுத்துக்கொண்டு போகிறேன், பிள்ளைகளிடமும் அப்படியே போவேன். அதில் உணர்ச்சிகளைப் பற்றிய பகுதியான மெய்ப்பாட்டியல், சிரிப்பு பிறக்க நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்த நான்கும் புரியும். கேலி செய்வது, சிறுபிள்ளைத்தனம், அறியாமை என்று மூன்றை உடனே சொல்லிவிடுவார்கள். மடன் என்றால் என்ன என்று கேட்பார்கள். பழைய உரைகளில் மடத்துக்கு ஒரு விளக்கம் உண்டு: கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை. ஒருவர் சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு, பிடித்ததை விடாமலிருப்பது. நகைச்சுவை நடிப்பை ஒரே தொடரில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். கரும்பலகையில் எழுதிப்போட்டு, ஆண்டு முழுவதும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஒரு காட்சி. வேட்டைக்குப் புறப்படும் அரசன் வாயிற்காவலனிடம், "முத்திரை மோதிரம் காட்டாத எவரையும் உள்ளே விடாதே" என்று சொல்லிவிட்டுப் போகிறான். காட்டில் மோதிரம் தொலைந்துவிடுகிறது. திரும்பி வருகிறான். காவலன் மோதிரம் கேட்கிறான். "நான்தான் அரசன்!" "மோதிரம்?" "அந்த உத்தரவைப் போட்டவனே நான்தான்!" "அப்படியானால் என்னைவிட உங்களுக்குத்தானே அது நன்றாகத் தெரிந்திருக்கும்?" அரசன் தன் குலப்பெருமையை விருத்தமாக, தாளமில்லாமல் நீட்டிப் பாடுகிறான். காவலன் உருகிக் கேட்கிறான், கண்ணைத் துடைத்துக்கொள்கிறான், பாட்டு முடிந்ததும் கையை நீட்டி, "மோதிரம்?" என்கிறான்.

முதல் தடவை இந்தக் காவலனை எடுக்கும் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றையே செய்வார்கள்: காலை வளைத்து நடப்பார்கள், கண்ணைச் சுழற்றுவார்கள், மூக்கால் பேசுவார்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். இந்த ஆண்டு பத்து வயதுச் சிறுமி ஒருத்தி அப்படித்தான் தொடங்கினாள். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் அப்பா இதே வாசலில் முப்பது வருஷம் நின்றவர். ஒரு நாள்கூடத் தப்பு நடந்ததில்லை. இன்றைக்கு உனக்கு முதல் நாள்" என்று மட்டும் சொன்னேன். திரும்பிப் போய் நின்றாள். முதுகு நிமிர்ந்தது. ஈட்டியாக வைத்திருந்த மூங்கில் கழியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அரசன் வந்து கத்தியபோது அவள் பயந்தாள், உண்மையாகவே பயந்தாள், பயந்துகொண்டே, "மோதிரம்?" என்றாள். எதிரே இருந்த பதினான்கு பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன செய்தோம் என்று தெரியாமல் அவள் என்னைப் பார்த்தாள்.

ஜூன் 21

எள்ளலைப் பற்றி மேலே ஒன்றும் சொல்லாமல் கடந்துவிட்டேன் என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். வேண்டுமென்றே கடந்தேன், எழுதத் தயக்கமாக இருந்ததால். இப்போது எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், இரண்டு பிள்ளைகள் தாங்களே ஒரு காட்சி செய்து வந்தார்கள். வகுப்பிலிருந்த ஒரு பையனுக்குத் திக்குவாய். காட்சியில் ஒரு கடைக்காரர் திக்கினார். வகுப்பு சிரித்தது. சிரிப்பு நன்றாக வந்ததால் நானும் ஒரு கணம் நடிப்பை மட்டுமே பார்த்தேன்; எடுப்பு சரியாக இருந்தது. பிறகுதான் அந்தப் பையனைப் பார்த்தேன். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவன் வீட்டுக்குப் போய்ப் பேசினேன், மன்னிப்பும் கேட்டேன். அவன் மரியாதையாகப் பேசினான், திரும்பி வரவில்லை.

எள்ளல் என்பது தான் பிறரை எள்ளி நகுதலும், பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுதலும் என இரண்டு என்று, தொல்காப்பியத்துக்குப் பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் எழுதிய உரை சொல்கிறது. அந்த இரண்டாவதை நான் படித்திருந்தேன். அன்றைக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது அடையாளம் காணவில்லை. அதன் பிறகு உடம்பு, நிறம், பேச்சுக்குறை, சாதி, வட்டார வழக்கு, வீட்டு வறுமை ஆகியவற்றை வைத்து என் வகுப்பில் காட்சி கிடையாது. வட்டார வழக்கில் பேசி நடிக்கலாம், அதில் தடையில்லை. அந்த வழக்கே சிரிப்புக்குப் பொருளாக இருந்தால் காட்சியை நிறுத்திவிடுவேன். இதனால் நகைச்சுவை வற்றிவிடும் என்று பயந்தேன். மற்ற மூன்றும் மீதமிருக்கின்றன, வற்றவில்லை.

ஜூன் 27

பாட்டின் பக்கம் ஒரு கேள்வி: பதின்மூன்று வயதுக் கதாநாயகனுக்கு நாடகத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது குரல் உடைந்துவிட்டது, என்ன செய்வது?

பழைய நாடகக் கம்பெனிகளில் இதற்கு மகரக்கட்டு என்று பெயர். பெரும்பாலும் பன்னிரண்டு வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையில் பையன்களுக்குக் குரல்வளை வளர்ந்து, குரல்நாண்கள் நீண்டு தடித்து, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். ஐந்து கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) பாடிவந்தவன் சில மாதங்களில் இரண்டு கட்டையில் நிற்பான். இடைப்பட்ட காலத்தில் இரண்டுமே அவன் கையில் இருக்காது. பெண்பிள்ளைகளுக்கும் குரல் மாறும்; இறக்கம் சிறிது, அதனால் நாம் கவனிப்பதில்லை; குரலில் காற்றுக் கலந்து வருவதை மட்டும் சோம்பல் என்று திட்டுகிறோம்.

இதில் நான் செய்த தவறு உண்டு. தொடக்க ஆண்டுகளில் ஒரு பையனிடம், பயிற்சி குறைந்ததால்தான் குரல் உடைகிறது என்று நினைத்து, தினமும் மேல் ஷட்ஜத்தில், அதாவது உச்ச 'ஸ'வில், நிற்கச் சொன்னேன். அவன் தொண்டை கட்டி, பேசவே முடியாமல் போனது. வலியோடு பாடக் கூடாது, உரக்கக் கத்தக் கூடாது, மெல்லிய குரலில் எட்டும் சுரங்களை மட்டும் பாட வேண்டும் என்பதையெல்லாம் அதற்குப் பிறகு கற்றேன்.

உங்கள் கதாநாயகனை மாற்றாதீர்கள். பாட்டை மாற்றுங்கள். தாளத்தோடு ஓடும் பாட்டுக்குப் பதிலாக, நான்கைந்து சுரங்களுக்குள் அடங்கும் விருத்தமாக்கிவிடுங்கள். விருத்தத்துக்குத் தாளம் இல்லை. குரல் தடுக்கினால் நின்று, சொல்லைத் திரும்பச் சொல்லித் தொடரலாம். ஆர்மோனியக்காரரைச் சுருதியைக் கீழே இறக்கி வாசிக்கச் சொல்லுங்கள். என்னுடைய இந்த ஆண்டு அரசனுக்கும் இதே நிலைதான். போன வாரம் உடைந்தது.

ஜூலை 1

"பாய்ஸ் கம்பெனிகளின் குருகுல முறையைத் திரும்பக் கொண்டுவந்தால் இந்தச் சிக்கலெல்லாம் தீரும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சிறுவர்களையே நடிகர்களாக வைத்து நடத்தப்பட்ட பழைய நாடகக் குழுக்களைத்தான் சொல்கிறார். இதற்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது, அதில் சேர்ந்தவர்களில் ஒருவர், பின்னாளில் புகழ்பெற்ற நாடக நடிகரான தி. க. சண்முகம். அப்போது அவருக்கு ஆறு வயது. அபிமன்யு சுந்தரி நாடகம் முழுவதையும், பாட்டும் வசனமுமாக, சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததை அவர் பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார். சண்முகமும் அவருடைய சகோதரர்களும் 1925இல் தாங்களே ஒரு சபையைத் தொடங்கினார்கள்; என். எஸ். கிருஷ்ணன் அங்கே வளர்ந்தவர். ஒரே கூரையின் கீழ்ப் பாட்டும் வசனமும் நகைச்சுவையும் நாள் முழுவதும் காதில் விழ வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அந்தச் சூழலுக்கு நிகராக, வாரத்துக்கு இரண்டு மாலை நடக்கும் என் வகுப்பில் எதையும் தர முடியாது. இதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அங்கே அடி உதையும் இருந்தது. பெற்றோரைப் பிரிந்து, ஊர் ஊராகப் போய், இரவு முழுவதும் விழித்து நடித்த சிறு பிள்ளைகள் அவர்கள். மகரக்கட்டு வந்தால் பெண் வேடமும் பாட்டு வேடமும் கைநழுவும் என்ற அச்சம் எப்போதும் இருந்தது. படிப்பு இல்லை. அங்கிருந்து பெரிய நடிகர்கள் வந்தார்கள் என்கிறோம். வராமல் போனவர்களைப் பற்றி யாரும் புத்தகம் எழுதவில்லை. அந்தக் காலத்துப் பாடமுறையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: எல்லாப் பிள்ளைக்கும் எல்லா வேடத்தின் பாட்டும் தெரிந்திருக்க வேண்டும். அதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 9

நகைச்சுவைப் பாட்டின் சொற்களைப் பற்றிச் சில.

தமிழ்ப் பாட்டில் எதுகை அடியின் தொடக்கத்தில் வருவதால், கேட்பவரின் காது அடுத்த அடி எந்த ஓசையில் தொடங்கும் என்று முன்கூட்டியே காத்திருக்கும். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் உடனே பயன்படுத்துகிறார்கள். அரசன், "பட்டத்து யானைமேல் பவனி வந்தவனடா, கொட்டு முரசொலிக்கக் கோட்டைகள் வென்றவனடா" என்று பாட, காவலன் அதே மெட்டில், "திட்டமாய்ச் சொல்லிவிட்டேன், தெருவிலே நில்லுமையா" என்கிறான். எதுகை அரசனுக்குச் சமமாக நிற்கிறது. பொருள் அவனைத் தெருவில் நிறுத்துகிறது. இந்த அடியை எழுதியது நானில்லை, வகுப்பில் ஒரு பிள்ளை.

சிரிப்பு வர வேண்டிய சொல்லில் பிருகா, அதாவது வேகமான சுரச் சுழற்சி, போடக் கூடாது. அந்தச் சொல்லில் மிருதங்கம் அடங்க வேண்டும், ஆர்மோனியம் சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். சொல் காதில் விழாவிட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். சின்னப் பிள்ளைகள் மூச்சைச் சொல்லுக்கு நடுவில் எடுப்பார்கள்; "தெருவி… லே நில்லுமையா" என்று வரும். அடியை முதலில் பேசப் பழக்கி, பேச்சில் மூச்சு எங்கே வருகிறதோ அங்கேயே பாட்டிலும் வைத்தால் இது சரியாகிவிடும்.

ஜூலை 22

கேள்வி கேட்டவர் காவலன் காட்சியைத் தன் பிள்ளைகளைக் கொண்டு செய்து பார்த்ததாகவும், சிரிப்பு வரவில்லை என்றும் எழுதியிருக்கிறார். பையன் வசனத்தைச் சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறதாம். சிரிக்காதே என்று எத்தனை முறை சொன்னாலும் அடங்கவில்லையாம்.

சிரிக்காதே என்று சொல்லாதீர்கள். சொல்லச் சொல்ல அவன் சிரிப்பைப் பற்றியே நினைப்பான். காவலனுக்கு ஒரு கவலையைக் கொடுங்கள். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, வேலை போனால் மருந்து வாங்க முடியாது என்று சொல்லுங்கள். அதைப் பார்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாய்ஸ் கம்பெனியில் ஆசிரியராக இருந்து பின்பு திரையில் நகைச்சுவை நடிகராகப் பெயர் பெற்றவர் காளி என். ரத்தினம். கோவலன் நாடகத்தில் காளி வேடம் போட்டதால் பெயரோடு காளி ஒட்டிக்கொண்டது. கூட்டத்தை நடுங்க வைக்கத் தெரிந்தவர்தான் சிரிக்க வைக்கவும் செய்தார் என்பதில் எனக்கு வியப்பே இல்லை. பையனை ஒரு வாரம் அழுகைக் காட்சியில் போட்டுவிட்டு, பிறகு காவலனுக்குக் கொண்டுவாருங்கள். அழுகைக் காட்சி ஒப்பேறிவிடுகிறது என்றுதானே முதலில் எழுதியிருந்தீர்கள்.

ஆகஸ்ட் 6

எங்கள் நாடகம் நேற்று நடந்தது. இந்த இழையில் எழுதிய பலவற்றுக்கும் தொடர்புடையது என்பதால் ஒரு காட்சியை மட்டும் எழுதுகிறேன்.

அரசனின் விருத்தத்தை இரண்டு கட்டைக்கு இறக்கி, நான்கு சுரங்களுக்குள் வைத்திருந்தேன். ஒத்திகைகளில் ஒரு முறையும் குரல் தடுக்கவில்லை. நேற்று மேடையில், கூட்டத்தைப் பார்த்த உற்சாகத்தில், மூன்றாவது அடியில் அவன் பழைய பழக்கத்தில் மேலே ஏறினான். குரல் இரண்டாக உடைந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. மண்டபம் சிரித்தது. அது காட்சிக்குச் சிரித்த சிரிப்பில்லை, அவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. அவன் காது சிவந்ததை ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த நான் பார்த்தேன். என் கை சுருதியில் நின்றுவிட்டது.

காவலனாக நின்ற சிறுமி மூங்கில் கழியை இறுகப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு ஏறி, இறங்கத் தொடங்கி, பாதிக்கு மேல் இறங்கியது. அப்போது மிகுந்த அக்கறையோடு கேட்டாள்: "தண்ணீர் வேண்டுமா? தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு இல்லை."

எழுதிய நாடகத்தில் இந்த வசனம் கிடையாது. மண்டபம் மறுபடியும் சிரித்தது. இந்தத் தடவை அவளையும் அவள் உத்தரவையும் பார்த்து. அரசன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு அரசனுக்குரிய நிதானத்தோடு இரண்டு கையையும் குவித்து நீட்டினான். அவள் கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, இல்லாத குடத்தைத் தூக்கி, இல்லாத தண்ணீரை ஊற்றினாள். அவன் அவசரப்படாமல், மடக்கு மடக்காகக் குடித்தான், வாயைத் துடைத்தான். நான் இரண்டு கட்டையில் சுருதியைப் பிடித்துக்கொண்டு அவன் மூச்சுக்காகக் காத்திருந்தேன். மூச்சை இழுத்தான், கீழே, அவனுடைய புதிய குரலில், விட்ட சொல்லிலிருந்து எடுத்து விருத்தத்தை முடித்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓர் அடி விட்டு, கையை நீட்டினாள்.

"மோதிரம்?"